காயாத பச்சை

போன மாசம் ஒரு சாயங்காலம், நான் வேலை பார்த்த பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்புல இருந்து ரெண்டு பேரு தல்லாகுளத்துல இருக்கிற என் வீட்டுக்கு வந்தாங்க. ஒருத்தரு டிங்கர் வேலை பார்க்கிற மாரிச்சாமி. இன்னொருத்தரு நான் ரிட்டயர் ஆனப்புறம் பெயிண்ட் செக்‌ஷனைப் பார்த்துக்கிற சோலை. கை நடுங்குதுன்னு கம்பெனியே என்னைய வீட்டுக்கு அனுப்பி ஒன்றரை வருசமாச்சு. பஸ்ஸுக்கு பக்கவாட்டுல நேர்கோடு போடுற ஆளு நான். கடைசியில என் கோடு வைகை ஆறு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போக ஆரம்பிச்சிருச்சு. வைகையிலயாவது எப்பவாச்சும் தண்ணி வரும். என் கோட்டுல ஒரு பிரயோசனமும் இல்ல. அம்பது வயசு ஆகுறதுக்குள்ள ரிட்டயர் ஆன ஆளு எங்க தெருவுல நான் ஒருத்தன்தான்.

வந்தவங்களுக்கு என் வீட்டுக்காரி பாண்டியம்மா காப்பி குடுத்துச்சு. காப்பி உள்ள போனப்புறம்தான் சோலை விசயத்துக்கு வந்தாரு. சுதந்திரம் வந்துருச்சுல்ல, ஒர்க்‌ஷாப்புல தொங்குற இங்கிலீஷ் போர்டையெல்லாம் கழட்டிட்டுத் தமிழ்ல எழுதணுமாம். டயருக்கு டயர்னே விட்டுட்டாங்களாம். பெயிண்டுக்கு மட்டும் ஒரே தகராறாம். ஆபீஸ்ல ஒருத்தரு வர்ணம்ங்கிறாரு, ஒருத்தரு சாயம்ங்கிறாரு, ஒருத்தரு பூச்சுங்கிறாரு. மானேஜரு என்னையக் கேட்டுட்டு வரச் சொன்னாராம்.

"என்னைய எதுக்குக் கேக்கச் சொன்னாரு?"ன்னேன்.

"நீங்க எதுக்கும் ஒரு பேச்சு வச்சிருப்பீங்கன்னு சொன்னாருண்ணே"ன்னாரு சோலை. இது பாராட்டு இல்லைன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் எடுத்துக்கிட்டேன். ரிட்டயர் ஆனவன் கிடைச்சதை எடுத்துக்கிறணும்.

நான் சொன்னேன், நம்ம ஊர்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு வார்த்தை இருந்துச்சுய்யா. சுவத்துக்கு வெள்ளை அடிச்சோம். சேலைக்குச் சாயம் ஏத்துனோம். தேருக்கும் வாகனத்துக்கும் வர்ணம் தீட்டுனோம். கையில பச்சை குத்துனோம். அலங்காநல்லூர்ப் பக்கம் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புல காவி தடவுனோம். அப்புறம் ஒரு நாளு கப்பல்ல மூடி போட்ட டப்பா வந்து இறங்குச்சு. உள்ள இருந்தது தண்ணியோட சேராது, எண்ணெயில கரையும், காஞ்சா கல்லு மாதிரி நிக்கும். அதுக்கு நம்மகிட்ட வார்த்தை இல்ல. பெயிண்டுன்னோம். டப்பாவுல இருந்தது தீர்ந்து போச்சு, வார்த்தை தீரல. இன்னைக்கு அதே மாட்டுக் கொம்புக்கும் பெயிண்டுதான். பவுடர் போட்ட பொண்ணைப் பார்த்தா எங்க மாமியா, பஸ்ஸுக்கு அடிச்சதுல மிச்சமான்னு கேப்பாக. காலி டப்பா வீட்டு வீட்டுக்குத் துளசிச் செடி தாங்குது, கொல்லையில தண்ணி மொள்ளுது. அதுக்கும் பேரு பெயிண்டு டப்பாதான்.

எங்க பக்கத்து வீட்டுல ஒரு கோர்ட்டு குமாஸ்தா இருக்காரு. தலகாணி தண்டிக்கு ஒரு இங்கிலீஷ் அகராதி வச்சிருக்காரு. அதைப் பார்த்து ஒரு தடவை சொன்னாரு, அந்த வார்த்தையோட வேரைத் தோண்டிக்கிட்டே போனா, ஆதியில அதுக்கு அர்த்தம் கூரான ஒண்ணால குத்தியோ கீறியோ அடையாளம் போடுறதாம். ஏறக்குறைய நம்ம பச்சை குத்துற மாதிரி. எனக்கு அது புதுசா தெரியல. பெயிண்டு எனக்குப் போட்ட அடையாளம் அப்படி. அந்தக் கதையத்தான் அன்னைக்கு சோலைகிட்டயும் மாரிச்சாமிகிட்டயும் சொன்னேன். சொன்னதையே எழுதி வைக்கலாமேன்னு பாண்டியம்மா சொல்லுச்சு. எழுதுற நேரம் வாய் சும்மா இருக்கும்ங்கிற கணக்கு அதுக்கு.

நான் தொழில் படிச்சதைப் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. மொத மூணு வருசம் குதிரை வண்டிப் பட்டறையில உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். தேய்ச்சதுல வண்டி வழவழப்பாச்சு, என் கைரேகை போச்சு. அப்புறம் பஸ் கம்பெனி வந்துச்சு, பட்டறையைப் பூட்டினாங்க, நானும் பஸ்ஸு பக்கம் வந்துட்டேன். அங்க பெயிண்ட் செக்‌ஷனுக்கு மேஸ்திரி காசிம் பாய்.

காசிம் பாய் பழைய டவுன்காரரு. ஒல்லியா, உயரமா, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில இருப்பாரு. முப்பது வருசம் பெயிண்டோட இருந்த மனுசன் சட்டையில ஒரு புள்ளி கிடையாது. நான் மொத நாளே காதுக்குள்ள வரைக்கும் பச்சையா வீட்டுக்குப் போனவன். அவரு திட்ட மாட்டாரு. கத்த மாட்டாரு. அடிச்சு முடிச்சதைக் காட்டினா, தலையை இப்படிச் சாய்ச்சு அப்படிச் சாய்ச்சுப் பார்த்துட்டு, "பார்ப்போம்"னு சொல்லிட்டுப் போயிருவாரு. என்னத்தைப் பார்க்கப் போறாரு, எப்பப் பார்ப்பாருன்னு தெரியாது. பதினோரு வருசம் அந்தப் பார்ப்போம்லயே ஓடுச்சு.

அவரு காய்ச்சல் பார்க்கிற விதம் தனி. பெயிண்டுக்குத்தான் சொல்றேன். நடுவிரலை மடக்கி, முட்டியை மெதுவா பலகையில வச்சு, காதைக் கிட்டக் கொண்டு போயி, விரலை எடுப்பாரு. ஈரமிருந்தா ப்சுன்னு ஒரு சின்னச் சத்தம் வரும். நமக்குக் கேக்காது. அவருக்குக் கேக்கும்.

அதுக்கும் மேல ஒரு பரீட்சை இருந்துச்சு. ஒரு காலத்துல ஒரு வக்கீலு நம்ம பஸ்ல ஏறி, பின்பக்கம் பூரா பச்சையோட கோர்ட்டுல போய் நின்னுட்டாராம். ஜட்ஜு முதற்கொண்டு சிரிச்சுட்டாங்களாம். அன்னைக்கு காசிம் பாய் போட்ட சட்டம் இது. சீட்டுக்கு பெயிண்ட் அடிச்சவன் எவனோ, அவனே வெளுத்த வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, பஸ்ல இருக்கிற அத்தனை பலகையிலயும் ஒவ்வொண்ணா உக்காந்து நூறு எண்ணணும். ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுத் திரும்பி நிக்கணும். பாய் குனிஞ்சு பார்ப்பாரு. கறை இல்லைன்னாதான் வண்டி வெளிய போகும். என் பின்பக்கத்தை அம்புட்டுத் தடவை, அம்புட்டுக் கவனமா பார்த்த ஆளு உலகத்துல வேற கிடையாது.

யுத்தம் வந்துச்சு. பெட்ரோல் இல்லைன்னு பஸ்ஸுக்குப் பின்னாடி கரி அடுப்பு மாட்டிவிட்டாங்க. கரியைப் பத்தவச்சு அந்தப் புகையில வண்டி ஓடும். பெயிண்டுக்கும் தட்டுப்பாடு வந்துச்சு. எல்லாத்தையும் விட லின்சீடு எண்ணெய்க்கு. ஆளிவிதையில எடுக்கிற எண்ணெய் அது. பெயிண்டைக் கரைக்கிறதும் அதான், காயவைக்கிறதும் அதான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுத்தாங்க.

குடுக்கிறவரு ஸ்டோர் கீப்பர் செல்லையா. அலங்காநல்லூர்க்காரரு, விவசாயக் குடும்பம். ஊர்ல அண்ணன் தம்பியெல்லாம் கடலை போட்டு, செக்கு வச்சு ஆட்டுறாங்க. சாவிக்கொத்தை அரணாக்கயித்துல முடிஞ்சு வச்சிருப்பாரு. எண்ணெய ஊத்தும்போது கடைசிச் சொட்டு விழுற வரைக்கும் ரெண்டு பேரும் மூச்சு விடக்கூடாது. "மாப்ள, உனக்குப் பொண்ணு குடுத்தாக் கூட இம்புட்டு யோசிச்சிருக்க மாட்டேன்"ம்பாரு. ஆளு கையி இறுக்கம், ஆனா சுத்தம். எனக்கும் அவருக்கும் தினமும் ஒரு வாய்ச் சண்டை இல்லாம சோறு இறங்காது.

ஐப்பசி மாசம், கல்லுப்பட்டி லைன் பஸ்ஸு சீட்டெல்லாம் உரிச்சு, பட்டி பார்த்து, தேய்ச்சு, பச்சை அடிக்கணும்னு எனக்கு வந்துச்சு. எட்டு பலகை, பின்னாடி ஒரு நீளப் பலகை. திங்கக்கிழமை காலையில வண்டி போயே ஆகணும். அந்த லைன்ல ஆசிரமத்து ஆளுக நிறைய. கதர் வெள்ளை. அந்தச் சமயம் சுதந்திரப் போராட்டத்துல பாதிப் பேரு ஜெயில்ல இருந்தாங்க, மீதிப் பேரு நம்ம பஸ்ல இருந்தாங்க. ஒரு புள்ளி ஒட்டினாலும் தெரியுற துணி. பாய் நாலு தடவை சொல்லிட்டாரு.

செல்லையா ஒரு டப்பா லின்சீடு எண்ணெய மூச்சுப் பிடிச்சு ஊத்திக் குடுத்தாரு. மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. எங்க மானேஜரு குடையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, ஒரு பக்கமா சாஞ்சு, கோழி மாதிரி எட்டு வச்சு நடப்பாரு. நான் கோடு போடுற மட்டக்கோலைக் கக்கத்துல வச்சுக்கிட்டு அப்படியே நடந்து பார்த்தேன். யாருக்குக் காட்டுறதுக்கு? ஒருத்தரும் இல்ல. எனக்கே காட்டிக்கிட்டேன். நடை தத்ரூபமா வந்துச்சு. திரும்புற எடத்துல கால் தட்டி எண்ணெய் டப்பா சாஞ்சிருச்சு. மண் தரை. முக்காவாசி எண்ணெய மண்ணு குடிச்சிருச்சு.

செல்லையாகிட்டப் போய் சொல்லியிருக்கணும். சொன்னா பாய்க்குத் தெரியும். பாய் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அதுதான் பயம். ஈர மண்ணை அள்ளி வெளிய கொட்டிட்டு வீட்டுக்கு ஓடினேன். பாண்டியம்மா கிணத்தடியில இருந்துச்சு. அடுப்படியில ஜாடி நிறைய கடலெண்ணெய். எண்ணெய்க்கு எண்ணெய் தானேன்னு தோணுச்சு. பதினாலு வருசம் தொழில்ல இருந்த ஆளுக்குத் தோணுன அறிவு இது. கடலெண்ணெய் காயவே காயாதுங்கிறது எங்க பாண்டியம்மாவுக்குக் கூடத் தெரியும். தூக்குவாளியில ஊத்திக்கிட்டு வந்து, மிச்சமிருந்ததோட கலந்து, பச்சையைக் கரைச்சு அடிச்சேன். ராத்திரி பாண்டியம்மா ஜாடியைப் பார்த்துட்டுக் கேட்டுச்சு. பூனைன்னேன். அந்தப் பூனை ஒரு வாரம் தெருப் பக்கமே வர முடியல.

ஆனா ஒண்ணு சொல்லணும். என் வாழ்க்கையில அப்படி ஒரு பளபளப்பை நான் பார்த்தது கிடையாது. மறுநாள் காலையில பாய் வந்தாரு. பஸ்ஸுக்குள்ள ஏறி நின்னாரு. தலையை இப்படிச் சாய்ச்சாரு, அப்படிச் சாய்ச்சாரு. பார்ப்போம்னு வரும்னு நான் நிக்கிறேன்.

"நல்லாருக்கு தம்பி"ன்னாரு.

பதினோரு வருசத்துல மொத தடவை. அதுவும் எதுக்கு, என் வீட்டுக்காரி தாளிக்கிற எண்ணெய்க்கு. சிரிக்கிறதா அழுகிறதான்னு தெரியாம மூஞ்சியை உப்புத்தாளால தேய்ச்ச மாதிரி வச்சுக்கிட்டு நின்னேன்.

ரெண்டாம் நாள் முட்டியை வச்சாரு. ப்சு. ஐப்பசி ஈரம், இன்ஷா அல்லா காயும்னாரு. மூணாம் நாள், ப்சு. நாலாம் நாள் பஸ்ஸைத் தள்ளிக்கிட்டுப் போய் வெயில்ல நிறுத்துனோம். வெயில்ல இன்னும் இளகுச்சு. ஈ வந்து உக்காந்துச்சு, போகல. ஒரு கோழி இறகு வந்து ஒட்டுச்சு. அஞ்சாம் நாள் பலகை ஓரமா எறும்பு சாரை வச்சுக்கிட்டுப் போகுது. பெயிண்டுக்கு எறும்பு வந்ததை அன்னைக்குத்தான் பார்த்தேன். பாயும் பார்த்தாரு. விரல்ல கொஞ்சம் எடுத்துத் தேய்ச்சு, மோந்து பார்த்தாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நேரா ஸ்டோர் பக்கம் நடந்தாரு.

அதுக்கு அப்புறம் நடந்ததை நானா யோசிச்சு வைக்கல. எண்ணெயில கடலெண்ணெய் கலப்படம்னு பாய் சொல்லியிருக்காரு. யாரு கலந்ததுன்னு சொல்லல. அதை மானேஜரும் மத்தவங்களும் அவங்களாவே சேர்த்துக்கிட்டாங்க. கடலெண்ணெய் யாரு வீட்டுல செக்கு வச்சு ஆட்டுறாங்க? சாவி யாருகிட்ட இருக்கு? நல்ல எண்ணெய வெளிய தள்ளிட்டு வீட்டு எண்ணெய ஊத்தி வச்சிருக்காருன்னு ஆயிப்போச்சு. திங்கக்கிழமை பரீட்சையில வேட்டியில கறை பட்டா, செல்லையா சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போகணும்னு மானேஜரு சொல்லிட்டாரு.

சனிக்கிழமை செல்லையா என்கிட்ட வந்தாரு. அன்னைக்குச் சண்டைக்கு வரல.

"மாப்ள, நீ பதினோரு வருசமா என் கையால எண்ணெய் வாங்குற. நான் குடுத்தது எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மழை விட்டாக் காஞ்சிரும்ணே, கவலைப்படாதீகன்னேன். ஒரு சிரிப்பும் சிரிச்சேன். இப்ப நினைச்சாலும் அந்தச் சிரிப்பைத்தான் கீறி எடுக்க முடியல.

ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு மூளை வந்துச்சு. டயர் செக்‌ஷன்ல டியூப்பு ஒட்டாம இருக்க ஒரு வெள்ளைப் பவுடர் போடுவாங்க. அதை ஒரு பொட்டலம் எடுத்துட்டு வந்து, அத்தனை பலகையிலயும் தூவி, துணியால மெதுவாத் தட்டிவிட்டேன். தொட்டுப் பார்த்தேன். ஒட்டல. பரீட்சை தேறிட்டா செல்லையாவும் தப்பிச்சாரு, நானும் தப்பிச்சேன், யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்ல. கதர்க்காரங்க கதியை நான் யோசிக்கல.

திங்கக்கிழமை காலையில கல்யாணத்துக்குக் கட்டுன வேட்டியைக் கட்டிக்கிட்டுப் போனேன். வேற வெளுத்தது இல்ல. மானேஜரு குடையோட நின்னாரு. செல்லையா பஸ் படிக்கட்டுகிட்ட நின்னாரு. வண்டி உடனே கிளம்பணும்னு கிளீனரு பின்னாடி கரி அடுப்பைப் பத்தவச்சிருந்தான். பாய் மொதப் பலகையில முட்டியை வச்சு, காதைக் குடுத்தாரு. சத்தம் இல்ல. விரலைத் திருப்பிப் பார்த்தாரு. என்னையப் பார்த்தாரு. "உக்காரு"ன்னாரு.

நூறு எண்ணுனேன். எந்திரிச்சேன், திரும்புனேன். குனிஞ்சு பார்த்தாரு. வெள்ளைப் பவுடர் வெள்ளை வேட்டியில எங்க தெரியப்போகுது. அடுத்ததுன்னாரு. இப்படியே எட்டு பலகையும் தேறிருச்சு. செல்லையா மூஞ்சியில கொஞ்சம் ரத்தம் ஓட ஆரம்பிச்சுச்சு. நானும் மனசுக்குள்ள மானேஜர் நடை நடந்துக்கிட்டேன்.

கடைசியா பின் பலகை. உக்காந்தப்புறம்தான் உறைச்சுச்சு. அதுக்கு நேர் பின்னாடி கரி அடுப்பு. பலகை தோசைக்கல்லு மாதிரி சுடுது. முப்பது எண்ணும்போது வேர்த்துச்சு. அறுபதுல பலகை இளகுறது எனக்கே தெரிஞ்சுச்சு. நூறு எண்ணி முடிச்சேன். இன்னும் பத்து சேர்த்து எண்ணுனேன்.

"எந்திரி தம்பி"ன்னாரு பாய்.

எந்திரிச்சேன். வேட்டி எந்திரிக்கல. மறுபடியும் உக்காந்துட்டேன்.

மானேஜரு கையை செல்லையா பக்கம் நீட்டுனாரு. செல்லையா குனிஞ்சு அரணாக்கயித்துல முடிச்சை அவுக்க ஆரம்பிச்சாரு. பதினஞ்சு வருசத்து முடிச்சு. நகத்தால நோண்டுறாரு, வரல.

"பாய், அது செல்லையா எண்ணெய் இல்ல. எங்க வீட்டு ஜாடி எண்ணெய். அவரு குடுத்ததைக் கொட்டுனது நான்"னேன். ஒட்டிக்கிட்டு உக்காந்தபடியே சொன்னேன். ஓடவும் முடியாது.

எப்படிக் கொட்டுச்சுன்னு மானேஜரு கேட்டாரு. சொல்ல வந்ததுதான் வந்தோம், முழுசா சொல்லிருவோம்னு, "உங்களை மாதிரி நடந்து பார்த்தேங்க"ன்னேன். அவரு கக்கத்துல இருந்த குடையை எடுத்துக் கையில பிடிச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அதைக் கக்கத்துல வைக்கல.

என்னைய அன்னைக்கே அனுப்பியிருப்பாங்க. பாய்தான் சொன்னாரு, "இவனை அனுப்பிட்டா இம்புட்டையும் யாரு சுரண்டுறது? இருக்கட்டும்." அப்புறம் என் பக்கம் திரும்பி, வேட்டியை அவுத்துட்டு எந்திரின்னாரு. கிளீனரு ஒரு கோணிச்சாக்கைக் குடுத்தான். கல்லுப்பட்டிக்கு வேற வண்டி போச்சு. நான் கோணியோட எறங்கிப் போனேன்.

ஒன்பது நாளு சுரண்டுனேன். அப்புறம் ஆறு மாசம் பிரஷைத் தொடவிடல, உப்புத்தாள்தான். வேட்டியைப் பாய் தூக்கிப்போடல. பின்பக்கம் பச்சையோட அப்படியே பெயிண்ட் செக்‌ஷன் சுவத்துல ஆணியடிச்சு மாட்டிட்டாரு. புதுசா வர்ற ஆளுக எல்லாம் அது என்ன கொடின்னு கேப்பாங்க. வீட்டுல விசயம் தெரிஞ்சு பாண்டியம்மா பூனைக்குப் பால் வச்சுச்சு. எனக்கு ஒரு மாசம் தாளிக்காத குழம்பு.

செல்லையா ஒரு மாசம் பேசல. எண்ணெய் கேட்டா ஊத்துவாரு, மூஞ்சியைப் பார்க்க மாட்டாரு. ஒரு நாளு டப்பாவை நீட்டுனேன். மூடியைத் திறந்துட்டு நிமிந்து பார்த்தாரு.

"தாளிக்கவா, அடிக்கவா?"

அன்னைக்கு ஸ்டோருக்குப் பின்னாடி போய் நின்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும், ஒவ்வொரு தடவையும் அதே கேள்விதான். டர்பண்டைன் கேட்டாலும் அதே கேள்வி.

காசிம் பாய் வேலையை விட்டுப் போன அன்னைக்கு, அவரு சாமானைத் தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போனேன். அம்புட்டு வருசமா உள்ள கிடந்ததைக் கேட்டேன். அன்னைக்கு நல்லாருக்குன்னு சொன்னீங்களே பாய், அது நெசமான்னு.

அவரு தலையை இப்படிச் சாய்ச்சு அப்படிச் சாய்ச்சு என்னையப் பார்த்தாரு. "நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. காயத்தான் இல்ல"ன்னுட்டுப் போயிட்டாரு.

இம்புட்டையும் கேட்டுட்டு சோலை, அப்ப போர்டுல என்னண்ணே எழுதுறதுன்னாரு. பாவம், கேட்டது ஒரு வார்த்தை, கிடைச்சது ஒரு ஜாடி. நான் சொன்னேன், பேரு கப்பல்ல வந்துச்சு, அடிக்கிறது நம்ம ஆளு. பெயிண்ட் அடிக்கும் இடம்னு எழுதுங்க, சரியாப் படிக்கத் தெரியாதவன் கூட எழுத்துக்கூட்டிப் புரிஞ்சுக்குவான். மானேஜரு சரின்னுட்டாராம். நானே வந்து எழுதணும்னும் சொல்லிவிட்டாரு.

போனேன். ஸ்டோர்ல செல்லையா அதே முடிச்சோட உக்காந்திருந்தாரு. தலை நரைச்சிருச்சு. டப்பாவை நீட்டுனேன். அவரு அதே கேள்வியைக் கேட்டாரு. அடிக்கத்தான்ணேன்னேன். மட்டக்கோலை மணிக்கட்டுக்குக் கீழ குடுத்து, நடுங்குற கையை நடுங்கவிட்டு எழுதி முடிச்சேன். பெயிண்டுல இருக்கிற டகரம் கொஞ்சம் சாஞ்சிருச்சு, மானேஜரு நடை மாதிரி.

மறுநாள் போய் நின்னேன். சோலை, மாரிச்சாமி, இன்னும் நாலு பேரு போர்டைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. செல்லையா ஸ்டோர்ல இருந்து எறங்கி வந்தாரு. நடுவிரலை மடக்கி, முட்டியை டகரத்து மேல வச்சு, காதைக் கிட்டக் கொண்டு போனாரு.

"காஞ்சிருச்சு மாப்ள"ன்னாரு.